காதைக் கிழிப்பதில் முதல் பரிசு எந்த விமானத்துக்கு?

அதிகச் சத்தம் போடும் விமானம் எது என்று கேட்டால் பலரும் உடனே பெரிய விமானமாகத் தேடுவார்கள். கோட்டை விடுவது அங்கேதான். ஐந்நூறு பேரைச் சுமக்கும் ஏர்பஸ் ஏ380 தலைக்கு மேலே ஏறிப் போகும்போது, கீழே நிற்பவர்கள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் பேச்சைத் தொடரலாம். ஆறு பேர் உட்காரும் செஸ்னா 185 மிதவை விமானம் ஏரியை விட்டுக் கிளம்பும்போது கரையில் பேச்சு நின்றுபோகும். எஞ்சின் எவ்வளவு பெரிது என்பது இரண்டாம்பட்சம். பின்னால் பீய்ச்சும் காற்றுக்கு என்ன வேகம், சுழலும் பிளேடின் நுனிக்கு என்ன வேகம்? இந்த இரண்டும் தெரிந்தால் விமானத்தைப் பார்க்காமலே அதன் சத்தத்தைப் பாதி சொல்லிவிடலாம். இங்கே மதிப்பெண் போடுவது அந்தக் கணக்கில்தான்.

முதலில் எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'இந்த விமானம் 140 டெசிபல்' என்று எங்காவது பார்த்தால், எத்தனை மீட்டர் தள்ளி அளந்தார்கள் என்று தேடுங்கள். அது இல்லாவிட்டால் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும், பத்து மடங்கானால் 20 குறையும். 30 மீட்டரில் 140 காட்டிய விமானம் 300 மீட்டரில் 120 காட்டும். 3 கிலோமீட்டருக்குப் போனால் 100க்கும் கீழே இறங்கிவிடும், காற்று தன் பங்குக்கும் கொஞ்சம் விழுங்கும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும்.

பயணிகள் விமானங்களை ஒப்பிடுவது சுலபம். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த மூன்று இடங்களில் அளப்பார்கள்: கிளம்பும்போது பிரேக் விட்ட இடத்திலிருந்து 6,500 மீட்டரில், இறங்கும்போது ஓடுபாதையின் முனைக்கு 2,000 மீட்டர் முன்னால், பக்கவாட்டில் 450 மீட்டரில். அலகு ஈபிஎன்டிபி. சாதாரண டெசிபலோடு, சத்தத்தில் கீச்சு எவ்வளவு, எத்தனை நொடி நீடிக்கிறது என்பதையும் சேர்த்துப் போடும் கணக்கு அது. போர் விமானங்களுக்கு இந்தச் சான்றிதழ் கிடையாது. அதனால் 'கான்கார்டா, எஃப்-18ஆ' என்ற சண்டைக்கு எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. காதை வைத்தும் காரணத்தை வைத்தும்தான் சொல்ல வேண்டும்.

<b>முதலிடம்: எக்ஸ்எஃப்-84எச்</b>

இதில் போட்டியே இல்லை. 1950களில் அமெரிக்காவின் ரிபப்ளிக் நிறுவனம் எஃப்-84எஃப் ஜெட் விமானத்தின் உடலை எடுத்து, மூக்கில் ஒரு புரொப்பல்லரை வைத்துக் கட்டியது. உள்ளே அல்லிசன் எக்ஸ்டி40 டர்பைன், 5,850 குதிரைத்திறன். புரொப்பல்லருக்கு மூன்றே பிளேடு, விட்டம் 12 அடி. ஒலியைவிட வேகமாகச் சுற்றுவதற்கென்றே மெல்லியதாகச் செய்த பிளேடுகள். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளேடின் கடைசி இரண்டு, இரண்டரை அடி ஒலிவேகத்தைத் தாண்டிவிடும். அதாவது, தரையில் நின்றபடியே ஒவ்வொரு சுற்றிலும் அதிர்வலையை வெடித்துக்கொண்டிருக்கும் விமானம்.

இந்த அதிர்வலை புரொப்பல்லர் சுழலும் தளத்திலேயே, பக்கவாட்டில் பாயும். எனவே நேர் எதிரிலோ பின்னாலோ நிற்பவரைவிட, மூக்குக்கு நேராகப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் முழு அடி. தரைப்பணியாளர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தன. அருகில் நின்ற ஒரு சி-47 விமானத்துக்குள் இருந்தவர் அரை மணி நேரச் சோதனை ஓட்டத்தில் நிலைகுலைந்து போனார். 40 கிலோமீட்டர் தள்ளிக்கூடக் கேட்டது என்று பதிவு இருக்கிறது. எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் இதை வறண்ட ஏரிப்படுகைக்கு இழுத்துக்கொண்டு போய்த்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும் என்ற நிலை வந்தது. 'தண்டர்ஸ்க்ரீச்' என்ற பட்டப்பெயர் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை.

விமானமாக இது படுதோல்வி. 1955 ஜூலை 22 அன்று முதலில் பறந்தது. இரண்டு மாதிரிகளும் சேர்ந்து மொத்தம் 12 முறைதான் பறந்தன, பெரும்பாலானவை அவசரத் தரையிறக்கத்தில் முடிந்தன. ஒருமுறை ஓட்டிப் பார்த்த சோதனை விமானி லின் ஹெண்ட்ரிக்ஸ் மறுபடி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மிஞ்சிய ஒன்று இப்போது டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சத்தத்துக்குப் பத்துக்குப் பத்து, மற்றதற்கெல்லாம் பூஜ்யம்.

<b>இன்றும் பறப்பவற்றில் புரொப்பல்லர் ராஜா: டியூ-95</b>

ரஷ்யாவின் இந்த நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் 1952 நவம்பரில் முதலில் பறந்தது, இன்னும் ஓய்வு பெறவில்லை. ஒவ்வொரு என்கே-12 எஞ்சினும் ஏறக்குறைய 15,000 குதிரைத்திறன். அதன் முன்னால் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பல்லர்கள், தலா நான்கு பிளேடு. விட்டம் 5.6 மீட்டர், நிமிடத்துக்கு 750 சுற்று.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5.6 × 3.14 × 750 ÷ 60 போட்டால் நொடிக்கு 220 மீட்டர். இது மட்டும் என்றால் சாதுவான புரொப்பல்லர். ஆனால் இந்த விமானம் மணிக்கு 750 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 208 மீட்டரில் முன்னேயும் போகிறது. நுனி உண்மையில் காற்றை வெட்டும் வேகம் இந்த இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வரும்: சுமார் 303. பத்து கிலோமீட்டர் உயரத்துக் குளிரில் ஒலியின் வேகமே 300தான். ஆக, எட்டு புரொப்பல்லர்களின் நுனியும் ஒலிவேகத்தை உரசிக்கொண்டே போகின்றன.

அதோடு இன்னொரு தொல்லை உண்டு. முன் புரொப்பல்லர் கலக்கிவிட்ட காற்றைப் பின் புரொப்பல்லர் மறுபடி வெட்டுகிறது. நான்கு பிளேடு, நொடிக்கு பன்னிரண்டரை சுற்று என்றால் அடிநாதம் 50 ஹெர்ட்ஸ், அதன்மேல் அதன் மடங்குகள். நான்கு எஞ்சினும் இம்மி பிசகாமல் ஒரே வேகத்தில் ஓடாததால் 'வூம்… வூம்…' என்று ஏறி இறங்கும் துடிப்பு கிடைக்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைக் காற்று அதிகம் விழுங்காது, கண்ணாடி ஜன்னலும் பெரிதாகத் தடுக்காது. எதிர்த்து வரும் போர் விமானத்துக்குள், மூடிய கூரைக்கு அடியில், தன் ஜெட் சத்தத்தையும் மீறி விமானிகளுக்கு இது கேட்கும் என்பார்கள். அது நம்பக்கூடிய பேச்சுதான்.

<b>சின்னது, ஆனால் சண்டைக்காரி</b>

மேலே போட்ட கணக்கைச் சிறிய விமானங்களுக்குப் போட்டால்தான் சுவாரசியம். விட்டத்தை மீட்டரில் எடுத்து, 3.14ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60ஆல் வகுத்தால் நுனி வேகம். அதை 340ஆல் வகுத்தால் ஒலிவேகத்தில் எத்தனை பங்கு என்று தெரியும். 0.8க்குக் கீழே இருந்தால் அக்கம்பக்கம் பொறுத்துக்கொள்ளும். 0.85ஐத் தாண்டினால் சத்தம் மளமளவென்று ஏறும். 0.9க்கு மேலே அந்த ரம்பம் அறுக்கிற கரகரப்பு வந்துவிடும்.

டி-6 டெக்சன், ஹார்வர்ட் என்றும் பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலப் பயிற்சி விமானம். 600 குதிரைத்திறன் எஞ்சின், 9 அடி புரொப்பல்லர், இடையில் வேகம் குறைக்கும் கியர் கிடையாது. கிளம்பும்போது 2,250 சுற்று. கணக்கு: 2.74 × 3.14 × 2,250 ÷ 60 = 323. அதாவது 0.95. விமானக் காட்சிகளில் ஊரைக் கூட்டுவது இதுதான். அதே மேடையில் பி-51 மஸ்டாங்கைப் பாருங்கள். எஞ்சினின் குதிரைத்திறன் இரண்டு மடங்குக்கு மேல், 3,000 சுற்று ஓடும், ஆனால் 0.479 என்ற கியர் விகிதத்தால் 11 அடி 2 அங்குலப் புரொப்பல்லர் சுமார் 1,437 சுற்றுதான் சுற்றும். நுனி வேகம் 256, அதாவது 0.75. எனவே மஸ்டாங்கில் எஞ்சினின் உறுமல் கேட்கும், டி-6இல் புரொப்பல்லரின் அலறல் மட்டுமே கேட்கும். காதுக்கு விருந்து எது என்று கேட்டால் மஸ்டாங்தான். சத்தம் எது என்று கேட்டால் சந்தேகமே இல்லாமல் டி-6.

செஸ்னா 185 இதே ரகம். மிதவையோடு வரும்போது 86 அங்குலப் புரொப்பல்லர் மாட்டுவார்கள். 2,850 சுற்றில் நுனி 326, அதாவது 0.96. குளிர்நாளில் இது இன்னும் மோசம். பூஜ்யம் டிகிரியில் ஒலிவேகம் 331க்கு இறங்கிவிடும், அப்போது 0.98. முப்பது டிகிரி வெயிலில் ஒலிவேகம் 349, அப்போது 0.93. அதே விமானம், அதே விமானி, அதே லீவர் நிலை. 'குளிர்காலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கத்துகிறது' என்பதற்கு எஞ்சினைக் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை.

நிவாரணம் விமானியின் கையிலேயே இருக்கிறது. மரங்களைத் தாண்டிப் பாதுகாப்பான உயரம் வந்ததும் புரொப்பல்லர் லீவரை இழுத்து 2,550க்குக் கொண்டுவந்தால் நுனி 292க்கு இறங்கும், 0.86. கீழே இருப்பவர்களுக்கு இது வேறு விமானமாகக் கேட்கும். முதலில் த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவர்) குறைத்து, பிறகுதான் சுற்றைக் குறைக்க வேண்டும் என்ற வரிசையை மறக்கக் கூடாது. நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், விட்டம் குறைந்த மூன்று பிளேடு புரொப்பல்லர். காசு செலவாகும், எடை கூடும், ஆனால் பக்கத்து வீட்டுப் பகை குறையும்.

இதே குடும்பத்தில் பியாஜியோ அவந்தியையும் சொல்ல வேண்டும். அதன் புரொப்பல்லர்கள் இறக்கைக்குப் பின்னால் இருப்பதால், இறக்கை கலக்கிய காற்றையும் எஞ்சின் விடும் சூடான புகையையும் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டியாக வேண்டும். விளைவு, ஒரு மாதிரி கம்மிய ஊளை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சத்தம் குறைவு, வெளியே இருப்பவர்களுக்குத்தான் தண்டனை. இவ்வளவு அழகான விமானத்துக்கு இந்தக் குரலா என்று தோன்றும்.

<b>ஜெட் விமானங்கள்</b>

1952இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் போட்ட கணக்கு இன்றும் வழிகாட்டி: ஜெட்டின் ஒலித்திறன் பீய்ச்சும் வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறும். வேகத்தைப் பாதியாக்கினால் 24 டெசிபல் குறையும். இன்றைய பயணிகள் விமானங்கள் அடங்கிப்போனதற்கு இதுதான் முதல் காரணம். பெரிய விசிறியை வைத்து நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகின்றன. ஆஃப்டர்பர்னர் இதற்கு நேர் எதிர்: கொஞ்சக் காற்றை, மேலும் எரிபொருள் ஊற்றிக் கொளுத்தி, ஒலியைவிட வேகமாகத் துப்புகிறது.

பயணிகள் விமானங்களில் கான்கார்டுதான் உச்சம். 1976 முதல் 2003 வரை சேவையில் இருந்தது. நான்கு ஒலிம்பஸ் 593 எஞ்சின்கள், நான்கிலும் ஆஃப்டர்பர்னர். கிளம்பும்போது சுமார் 119 ஈபிஎன்டிபி. சத்தத்தின் அளவைவிட அதன் குணம்தான் கொடுமை. பெரிய காடாத் துணியை யாரோ விடாமல் கிழிப்பது போல் ஒரு வெடவெடப்பு. அலை ஏறும்போது திடீரென்று செங்குத்தாக ஏறி, இறங்கும்போது மெதுவாக இறங்குவதால் வருவது இது. 1975இல் இந்த வெடவெடப்பைத் தனியாக ஆராய்ந்து ஒரு ஆய்வுக்கட்டுரையே வந்தது. இதே குணம் இன்றைய போர் விமானங்களிலும் உண்டு.

இன்று பறக்கும் ஜெட்டுகளில் என் ஓட்டு பி-1பி குண்டுவீச்சு விமானத்துக்கு. நான்கு எஃப்101 எஞ்சின்கள், ஆஃப்டர்பர்னரோடு ஒவ்வொன்றும் 30,000 பவுண்டுக்கு மேல் உந்துவிசை, கிளம்பும்போது நான்கும் ஒன்றாகக் கொளுத்தும். இரவில் பார்த்தால் நான்கு நெருப்புத் தண்டுகள், வயிற்றுக்குள் இறங்கும் அதிர்வு. ஒரு எஞ்சின் போர் விமானம் எவ்வளவு கத்தினாலும் இந்தக் கனம் வராது.

தினசரித் தொந்தரவு என்று எடுத்தால் முடிவு மாறும். குண்டுவீச்சு விமானம் ஒருமுறை கிளம்பிப் போய்விடும். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கப் பயிற்சி எடுக்கும் ஈஏ-18ஜி க்ரௌலர் போர் விமானமோ, தாழப் பறந்து வந்து, சக்கரம் தரையில் பட்டதும் முழு விசை கொடுத்து, மறுபடி சுற்றி வரும். அமெரிக்காவின் விட்பி தீவில் குடியிருப்போர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் புகார் இதைப் பற்றித்தான். ஒரு தடவைக்கு எத்தனை டெசிபல் என்பதைவிட ஒரு மாலையில் எத்தனை தடவை என்பது பெரிது.

பழைய ஜெட்டுகளில் எஃப்-104இன் ஜே79 எஞ்சின் சில த்ராட்டில் நிலைகளில் மட்டும் பேய் ஊளை இடும். பிரிட்டனின் ஆவ்ரோ வல்கன் குண்டுவீச்சு விமானமும் ஊளை இடும், ஆனால் அது பின்னாலிருந்து வருவதில்லை. கிட்டத்தட்ட முழு விசைக்குப் போகும்போது முன்னால் உள்ள காற்று நுழைவாயில்களே புல்லாங்குழல் போல அதிர்கின்றன. கடைசியாகப் பறந்த வல்கனான எக்ஸ்எச்558, 2015 அக்டோபரில் இறங்கிவிட்டது. டெசிபல் பட்டியலில் முதல் மூன்றுக்குள் வராது. ஆனாலும் ஒரே ஒரு விமானத்தின் சத்தத்தை மறுபடி கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன்.

727, டிசி-9, 737-200 இவற்றை நினைவு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். மூன்றுக்கும் ஒரே குடும்பத்து ஜேடி8டி எஞ்சின், ஒல்லியானது, வேகமாகத் துப்புவது. பின்னாளில் மடிப்பு மடிப்பான குழாய் கொண்ட சத்தக் குறைப்பான்களை மாட்டி ஒப்பேற்றினார்கள். சூடான ஜெட்டையும் குளிர்ந்த காற்றையும் சீக்கிரம் கலந்து வேகத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை.

ஏர்பஸ் ஏ320 இறங்க வரும்போது கேட்கும் விசிலுக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை. இறக்கையின் அடியில் எரிபொருள் தொட்டிக்கான வட்டமான அழுத்தத் திறப்புகள் உண்டு. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அதே கதை. திறப்புக்கு முன்னால் உள்ளங்கை அளவு உலோகத் தகடு ஒன்றை ஒட்டிக் காற்றைக் கலைத்துவிட்டால் விசில் நின்றுவிடும். 2014 வாக்கில் தொடங்கிப் புதிய விமானங்களில் இது வந்துவிட்டது, பழையவற்றிலும் பல நிறுவனங்கள் மாட்டின. ஒரே ஓடுபாதையில் ஒரு ஏ320 விசிலடித்து, அடுத்தது அடிக்காமல் போனால் வித்தியாசம் அந்தத் தகடுதான்.

ஹெலிகாப்டரில் ஹியூயிக்கு மேல் ஒன்றும் இல்லை. இரண்டே பிளேடு, 48 அடி, நிமிடத்துக்கு 324 சுற்று. நுனி வேகம் 248. முன்னோக்கி 110 நாட் வேகத்தில் (மணிக்கு சுமார் 204 கிலோமீட்டர்) போனால், எதிர்க்காற்றுப் பக்கம் வரும் பிளேடின் நுனிக்கு நொடிக்கு 57 மீட்டர் கூடி 305 ஆகிவிடும், ஒலிவேகத்தில் 0.9. நொடிக்கு ஏறக்குறைய பதினொரு அடி, 'தப்தப்தப்' என்று. மெதுவாகச் சரிந்து இறங்கும்போது ஒரு பிளேடு விட்டுச்சென்ற சுழலை அடுத்த பிளேடு நேராக அறைவதால் இன்னும் பலக்கும். விமானி இறங்கும் சரிவை மாற்றினாலே அந்த அறை பாதி அடங்கும். முன்னும் பின்னும் இரண்டு ரோட்டர் (மேலே சுழலும் பிளேடுத் தொகுதி) கொண்ட சினூக் ஹெலிகாப்டரில் பின் ரோட்டர் முன் ரோட்டரின் சுழலுக்குள்ளேயே சுற்றுகிறது, அதனால் அதன் தடதடப்பு எந்தச் சரிவிலும் முழுசாகப் போகாது.

<b>கேட்கப் போகிறவர்களுக்கு</b>

ஜெட்டின் சத்தம் நேர் பின்னால் உச்சமாக இருக்காது, பின்பக்கமாகச் சாய்ந்த கோணத்தில்தான் உச்சம். அதனால் விமானம் உங்களைக் கடந்துபோன பிறகுதான் முழு அடி விழும். 'போய்விட்டது' என்று காதடைப்பானைக் கழற்றுவது அந்த நொடியில்தான் நடக்கும், காது கெடுவதும் அப்போதுதான்.

85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி. 100க்குப் பதினைந்து நிமிடம், 115க்கு அரை நிமிடம்கூட இல்லை. நுரை அடைப்பானை வெறுமனே காதில் வைத்து அழுத்தினால் வேலைக்காகாது. விரலால் ஒல்லியாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, விரிந்து முடியும்வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தால் சரியாகப் போகவில்லை. மேலே காதுமூடியும் போட்டால் கூடுதலாக 5 டெசிபல் அளவுக்குத்தான் கிடைக்கும், இரண்டையும் கூட்டிப் போடக் கூடாது. எலும்பு வழியாகவும் ஒலி உள்ளே போகும். மூக்குக்கண்ணாடியின் காம்பு காதுமூடியின் விளிம்பைத் தூக்கினால் அந்த 5ம் போச்சு.

கைபேசிச் செயலியில் அளப்பவர்களுக்கு ஒன்று. பலத்த சத்தத்தில் மைக் ஒரு அளவுக்கு மேல் ஏறாது, எண் அங்கேயே நின்றுவிடும். அதோடு இந்தச் செயலிகள் வழக்கமாகக் காட்டும் 'ஏ' அளவுகோல் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலைக் கழித்துவிடுகிறது. டியூ-95இன் அடிநாதம் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. நுரை அடைப்பானும் அந்தத் தாழ்ந்த ஒலியில்தான் குறைவாக உதவும். திரையில் சாதுவான எண் ஓடிக்கொண்டிருக்கும், நெஞ்சுக்கூடு அதிர்ந்துகொண்டிருக்கும்.